பனிக்களத்தில் ஏன் சுடுநீர்?

டொராண்டோவிலோ மான்ட்ரியலிலோ ஐஸ் ஹாக்கி பார்க்கப் போனால், இடைவேளையில் எழுந்து போய்விடாதீர்கள். பார்க்க வேண்டிய அறிவியல் அப்போதுதான் களத்தில் நடக்கிறது.

20 நிமிட ஆட்டத்துக்குள் ஸ்கேட் கத்திகள் பனித்தரையைக் கீறிவிடும். சுரண்டிய தூள் குவிந்தால், வீரர்கள் மட்டையால் அடிக்கும் ‘பக்’ எனும் ரப்பர் வட்டு சீராக வழுக்காது. அதனால்தான் ஸாம்போனி வண்டி வருகிறது. பிராங்க் ஸாம்போனி 1949இல் கலிபோர்னியாவில் உருவாக்கிய இயந்திரம் இது. அடியிலுள்ள நீளமான கத்தி மேற்பரப்பைச் சீவும். சீவிய தூளை வண்டியே அள்ளிக்கொள்ளும். பின்னால் இழுபடும் ஈரத்துணி நீரை மெல்லிய படலமாகப் பரப்பும்.

அது பெரும்பாலும் சுடுநீர், ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ்! ஏன்?

சூடான நீர் பழைய பனியின் மேற்புறத்தைச் சற்றே உருக்கி, கீறல்களை நிரப்பி, அதனுடன் ஒன்றாகவே உறைகிறது. மேலும், சூடாக்கும்போது நீரில் கரைந்த காற்று பெருமளவு வெளியேறிவிடும். குமிழி குறைந்த பனி உறுதியானது, தெளிவானது.

சுடுநீர் எப்படி இடைவேளைக்குள்ளேயே உறைந்துவிடுகிறது? பனியின் தடிமன் சுமார் 3 செ.மீ.தான். அதன் கீழே கான்கிரீட்டுக்குள் பதித்த குழாய்களில், உறைநிலைக்கும் கீழே குளிரூட்டிய உப்புநீர் போன்ற திரவம் இடைவிடாமல் ஓடி வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது.

ஆட்டம் மீண்டும் தொடங்கியதும் பக்கைக் கவனியுங்கள். வேகம் கூடியிருப்பது கண்ணுக்கே தெரியும்.