கருங்கரை அரசியின் நான்கு முகங்கள்

புகழ்பெற்ற பழைய மாயக்கதை ஒன்று புதிதாகச் சித்திரக்கதை வடிவம் பெறும்போதெல்லாம் அதன் வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வழக்காடுவது மேலைநாட்டுக் காமிக்ஸ் உலகில் வாடிக்கையாகிவிட்டது. ‘மூலத்துக்கு உண்மையாக இருக்கிறதா, இல்லையா?’ என்பதே அந்த வழக்கின் நிரந்தரக் கேள்வி. ஆனால், வாசகர்கள் சாட்சிக்கு அழைக்கும் அந்த மூலம் பல நேரங்களில் எழுத்தாளர் எழுதிய கதையாக இருப்பதில்லை. அவர்கள் இளமையில் முதன்முதலாகப் பார்த்த, அதுவும் ஒரு தழுவலேயான, வேறொரு படமாக இருக்கிறது. இதை விளங்கிக்கொள்ள ராபர்ட் இ. ஹோவர்டு படைத்த கோனன் என்னும் வீரனைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அவனது கதைகளுள்ளும் ‘கருங்கரை அரசி’ என்று தமிழில் சொல்லத்தக்க ஒரே ஒரு கதையைப் பின்தொடர்ந்தாலே போதும்.

ஹோவர்டு 1906இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்து, அங்கேயே கிராஸ் ப்ளெய்ன்ஸ் என்ற சிற்றூரில் வாழ்ந்து, 1936 ஜூன் மாதத்தில் முப்பதாவது வயதில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர். அவர் பெரும்பாலும் எழுதியது ‘பல்ப்’ எனப்படும் இதழ்களில். மரக்கூழில் செய்த மலிவான தாளில் அச்சாகிச் சில காசுகளுக்கு விற்ற கதை இதழ்களுக்கு அந்தத் தாளை வைத்தே அப்பெயர் வந்தது. அவற்றுள் ஒன்றான ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில் 1932 டிசம்பரில் கோனன் முதன்முறையாகத் தோன்றினான். வரலாற்றுக்கு முந்தியதாக ஹோவர்டு கற்பனை செய்த ஹைபோரிய யுகத்தில், சிம்மேரியா என்ற குளிர்ந்த மலைநாட்டிலிருந்து இறங்கிவந்து, திருடனாகவும் கடற்கொள்ளையனாகவும் கூலிப்படைத் தலைவனாகவும் வாழ்ந்து, முடிவில் அரசனாகும் ஒருவனின் கதைகள் அவை. வாளும் மாயமும் மோதும் இத்தகைய கதைகளுக்குப் பிற்காலத்தில், 1961இல், ஃபிரிட்ஸ் லைபர் என்ற எழுத்தாளர் ‘வாளும் சூனியமும்’ என்று பொருள்படும் வகைப்பெயரைச் சூட்டினார்.

‘கருங்கரை அரசி’ 1934 மே மாத இதழில் வெளிவந்தது. நண்பனைக் காட்டிக்கொடுக்க மறுத்து நீதிமன்றத்திலேயே நீதிபதியை வெட்டிவிட்டுக் குதிரையில் தப்பிவரும் கோனன், துறைமுகத்தை விட்டுப் புறப்படும் வணிகக் கப்பலில் பாய்ந்து ஏறுகிறான். அந்தக் கப்பலைக் கொள்ளையரின் கலம் வழிமறிக்கிறது. அதன் தலைவி பெலிட், தன் ஆட்களை வெட்டிச் சாய்த்த அந்த அயலானையே காதலனாக ஏற்கிறாள். பிறகு இருவரும் ஒரு நச்சு ஆற்றின் வழியே பாழடைந்த நகரத்துக்குப் புதையல் தேடிப் போகிறார்கள். அங்கே பெலிட் இறக்கிறாள். இறந்த பின்னும் ஒருமுறை திரும்பிவந்து கோனனைக் காக்கிறாள். அவன் அவளது உடலைக் கப்பலோடு எரியூட்டிக் கடலில் விடுகிறான்.

சந்திப்புக்கும் சாவுக்கும் இடையே அவ்விருவரும் சேர்ந்து கடலைக் கலக்கிய காலத்தை ஹோவர்டு விரிக்கவில்லை. ஐந்து அத்தியாயங்கள் கொண்ட கதையில் அந்தக் காலம் சில வரிகளிலேயே ஓடிவிடுகிறது. சிறுகதைக்கு அது சிறப்பு. மாதந்தோறும் இதழ் வெளியிட வேண்டிய சித்திரக்கதைக்காரருக்கோ அது திறந்துகிடக்கும் பெருவெளி. பின்னாளைய சண்டைகளில் பெரும்பங்கு இந்த வெளியை யார் எப்படி நிரப்பினார் என்பதைப் பற்றியதுதான்.

வாசகர்களின் தலையீடு ஹோவர்டு வாழ்ந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. மார்கரெட் பிரண்டேஜ் வண்ணச் சுண்ணத்தில் வரைந்த வியர்ட் டேல்ஸ் அட்டைகளில் ஆடை குறைந்த பெண்கள் இடம்பெறுவது தகுமா என்று அவ்விதழின் கடிதப் பகுதியில் வாசகர்கள் விடாமல் வாதிட்டார்கள். 1936இல் பி. ஷைலர் மில்லர், ஜான் டி. கிளார்க் என்ற இரு ரசிகர்கள், முன்பின்னாக எழுதப்பட்ட கோனன் கதைகளை அவனது வயதுப்படி வரிசையாக்கி ஆசிரியருக்கே அனுப்ப, அவரும் சில திருத்தங்களோடு அதைப் பெரும்பாலும் ஒப்புக்கொண்டு பதில் எழுதினார். ஹோவர்டு கதைகளை அந்த ஒழுங்கில் எழுதவில்லை. நாடோடி ஒருவன் நினைவுக்கு வந்தபோது வந்ததைச் சொல்வதுபோலவே எழுதினார். ஆயினும் அந்த ரசிகர் வரிசைதான், பிறர் கைபட்டு வளர்ந்து, பின்னாளில் சித்திரக்கதைகளின் முதுகெலும்பாயிற்று.

1966 முதல் லான்சர் நிறுவனம் வெளியிட்ட மலிவுப் பதிப்புகளே கோனனைப் பெருவாரியான மக்களிடம் கொண்டுசேர்த்தவை. அவற்றைத் தொகுத்த எல். ஸ்ப்ரேக் டி கேம்ப், லின் கார்ட்டருடன் சேர்ந்து முடிவுபெறாத பகுதிகளை முடித்தும், ஹோவர்டின் வேறு கதைகளைக் கோனன் கதைகளாக மாற்றியும், தாமே புதிய கதைகளைப் புனைந்தும் நூல்வரிசையை நிரப்பினார். ஒருவரின் பாத்திரத்தையும் நடையையும் எடுத்துக்கொண்டு பிறர் எழுதும் இத்தகைய போலி ஆக்கங்களுக்குப் ‘பாஸ்டீஷ்’ என்று பெயர். தூய்மைவாத வாசகர்கள் இன்றும் பல்லைக் கடித்துக்கொண்டே உச்சரிக்கும் சொல் அது. அவ்வரிசையின் பல அட்டைகளை ஃபிராங்க் ஃபிரசெட்டா வரைந்தார். வெற்று மார்பும் தழும்புகளும் முறுக்கேறிய தசையுமாக, ஊன்றிய வாளுடன் நிற்கும் அந்த உருவம், உள்ளே அச்சாகியிருந்த எழுத்தைவிட ஆழமாக வாசகர் மனத்தில் பதிந்துவிட்டது.

கருங்கரை அரசியின் முதல் சித்திரக்கதை இதற்கெல்லாம் முன்பே, 1950களின் தொடக்கத்தில், மெக்சிகோவில் ஸ்பானிய மொழியில் வெளிவந்தது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. அதில் கோனனுக்குப் பொன்னிற முடி! ஹோவர்டு அவனுக்குக் கொடுத்தது கருமுடியும் நீலக்கண்ணும். அமெரிக்க ரசிகர் கூட்டத்தின் கண்ணில் படாததாலோ என்னவோ, அந்தத் தழுவல் பெரிய சண்டை எதுவுமின்றிக் காலத்தைக் கழித்தது.

மார்வெல் நிறுவனத்தின் கோனன் 1970 அக்டோபர் இதழாகத் தொடங்கியபோது அதன் உருவத்தைத் தீர்மானித்தவற்றுள் கலையை விடக் கணக்கு முந்தியது. உரிமைக்கு இதழொன்றுக்கு 150 டாலர் வரை தரலாம் என்று முதலாளி அனுமதித்திருக்க, ஹோவர்டின் படைப்புகளுக்கு முகவராக இருந்தவருக்கு 200 டாலர் தருவதாக எழுதிவிட்டதாகக் கதாசிரியர் ராய் தாமஸ் பல இடங்களில் நினைவுகூர்ந்திருக்கிறார். மிகையான செலவை ஈடுகட்ட வேண்டியிருந்ததால், அவர் முதலில் விரும்பிய மூத்த ஓவியர் ஜான் புசெமாவுக்குப் பதிலாக, குறைந்த ஊதியம் பெற்ற இளைஞர் பேரி ஸ்மித் அமர்த்தப்பட்டார். ஸ்மித்தின் கோனன் ஒல்லியானவன், துடிப்பானவன், கொம்புவைத்த தலைக்கவசமும் கழுத்தில் வட்டுகள் கோத்த ஆரமும் அணிந்தவன். விற்பனை சரிந்ததால் ஏழாவது இதழோடு நிறுத்தப்படும் நிலைக்கு வந்து தப்பிய இந்தத் தொடர், ஸ்மித்தின் நுண்கோடுகளுக்காகவே ஒரு தீவிர வாசகர் வட்டத்தைப் பெற்றது. 25ஆம் இதழில் புசெமா வந்து, பரந்த தோளும் கனத்த புருவமும் கொண்ட கோனனை வரையத் தொடங்கியபோது, ஸ்மித்தின் ரசிகர்களுக்கு அது இழப்பாகவே பட்டது. புசெமாவோ அடுத்த பல ஆண்டுகளுக்கு அவ்விடத்தை விட்டு அகலவில்லை; 1974இல் தொடங்கிய கறுப்புவெள்ளைப் பெருவடிவ இதழான ‘சாவேஜ் ஸ்வோர்டு ஆஃப் கோனன்’, சிறுவர் காமிக்ஸுக்கான தணிக்கை நெறிகளுக்கு வெளியே நின்றதால், அவரது கைக்கு இன்னும் தாராளமான இடம் தந்தது.

தாமஸ் கருங்கரையின் இடைவெளியை நிரப்பிய விதம் துணிச்சலானது. 58ஆம் இதழில் பெலிட்டை அறிமுகப்படுத்தி, 100ஆம் இதழில்தான் அவளைச் சாகவிட்டார். 1976 முதல் 1979 வரை வாசகர்கள் மாதந்தோறும் அவளோடு பயணம் செய்தார்கள். மூலத்தில் தன் குலப்பெருமையைப் போகிறபோக்கில் சொல்லிச்செல்லும் பெலிட்டுக்கு, தாமஸ் கொலையுண்ட அரசனின் மகள் என்ற முழு வரலாற்றையும், ஹோவர்டின் கதையில் சிறு பாத்திரமான ந்யாகா என்ற முதிய மந்திரவாதியை வளர்ப்புத் தந்தையாகவும் கொடுத்தார். இவை ஹோவர்டின் எழுத்தில் இல்லாதவை. ஆனால், மூன்றரை ஆண்டுகள் பழகிய ஒருத்தியின் சாவு, ஒரே அமர்வில் படித்து முடிக்கும் சிறுகதையில் நேரும் சாவைவிட வேறுவிதமாகத் தாக்கும். அந்தத் தலைமுறைக்குக் கருங்கரை அரசி என்றால் தாமஸும் புசெமாவும் தந்த பெலிட்தான்.

1982இல் அர்னால்டு ஷ்வார்ஸ்நெகர் நடித்த திரைப்படம் இன்னொரு பொய் மூலத்தைச் சேர்த்தது. சிறுவயதில் பெற்றோரைப் பறிகொடுத்து, அடிமையாகி, பெரிய சக்கரத்தைச் சுற்றித் தள்ளி வளரும் கோனனை ஹோவர்டின் எந்தக் கதையிலும் காண முடியாது. எனினும் பொதுமக்களிடம் கேட்டால் முதலில் வருவது அந்தச் சக்கரம்தான்.

ஹோவர்டின் சொந்த எழுத்து, பிறர் கைபடாத வடிவில், எழுதப்பட்ட வரிசையிலேயே பரவலாகக் கிடைக்கத் தொடங்கியது 2003 வாக்கில்தான். அதே ஆண்டில் டார்க் ஹார்ஸ் நிறுவனம் தன் கோனன் தொடரைத் தொடங்கியது. கர்ட் பியூசிக் கதையெழுத, கேரி நார்டின் பென்சில் கோடுகளின்மீது மையிடாமல் நேரே வண்ணம் பூசிய அந்த இதழ்களைப் பழைய வாசகரும் புதியவரும் ஏறத்தாழ ஒருமித்தே வரவேற்றனர். ஒற்றுமை 2012 வரை நீடித்தது.

அவ்வாண்டு பிரையன் வுட் எழுத்திலும் பெக்கி குளூனன் ஓவியத்திலும் டார்க் ஹார்ஸ் மீண்டும் கருங்கரை அரசியைத் தொடங்கி, பின்னர் பல ஓவியர் கைமாற்றி, 25 இதழ்களில் முடித்தது. குளூனனின் கோனன் மெலிந்தவன், முகத்தில் இன்னும் சிறுபிள்ளைத்தனம் மாறாதவன், காதலில் தடுமாறுகிறவன். ‘இவன் கோனனே அல்ல’ என்பதே பழைய ரசிகரின் குற்றச்சாட்டின் சாரம்: உடல் போதாது, உணர்ச்சி அதிகம், பெலிட்டை அழைத்துக்கொண்டு சிம்மேரியாவுக்குத் திரும்பும் பயணம் மூலத்தில் இல்லை. மறுபுறம், இதுவரை கோனனைத் தொட்டிராத பலர், பெண் வாசகர்கள் உள்பட, குளூனனின் படங்களுக்காகவே அந்த இதழ்களை வாங்கினார்கள்.

இந்தக் குற்றச்சாட்டுகளை ஹோவர்டின் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ள வேலை. கப்பலில் பாய்ந்தேறும் கோனனுக்கு மூலக்கதை கொடுக்கும் கோலம் ஃபிரசெட்டாவின் வெற்றுடம்பு அன்று. கறுப்புச் செதில் கவசம், மெருகேற்றிய கணைக்கால் கவசம், காளைக்கொம்பு பதித்த நீல எஃகுத் தலைக்கவசம், தோளிலிருந்து கடற்காற்றில் பறக்கும் செந்நிற மேலாடை என்று தலைமுதல் கால்வரை போர்த்தியவனாகவே அவன் வருகிறான். ஸ்மித்தின் கொம்புகளைக் கேலிசெய்த வாசகர்கள் இந்த இடத்தை மறந்துவிட்டார்கள். உணர்ச்சியைப் பொறுத்தவரை, முதல் கதையின் முகப்பிலேயே பெரும் களிப்போடு பெரும் துயரத்தையும் ஹோவர்டு அவனுக்கு இயல்பாக வைத்திருக்கிறார்; கருங்கரைக் கதையில் தெய்வங்களைப் பற்றியும் சாவுக்குப் பின் என்ன என்பதைப் பற்றியும் காதலியோடு அமைதியாகப் பேசிக்கொண்டிருப்பவன் அவன்தான். சிம்மேரியப் பயணம் மூலத்தில் இல்லை என்பது உண்மை. தாமஸின் 43 இதழ்களில் நேர்ந்த பெரும்பாலானவையும் மூலத்தில் இல்லை. எனினும் உடல்வாகு பற்றிய குறையை முற்றிலும் தள்ளிவிட முடியாது. ஹோவர்டின் கோனன் இருபதுகளிலும் பெரிய உருவினன்தான். கொள்ளைக் கலத்து வீரர்களைத் தனியாளாக எதிர்த்து நிற்பவனைக் குளூனன் வரைந்த தோள்களோடு நம்புவது கொஞ்சம் கடினமே.

2018இல் பிரான்ஸின் கிளேனா பதிப்பகம் வேறொரு வழியைக் கண்டது. ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் கடந்தால் படைப்பு பொதுவுடைமையாகும் என்ற ஐரோப்பிய விதிப்படி ஹோவர்டின் கதைகள் அங்கே கட்டற்றவையாகிவிட்டதால், கதைக்கு ஒரு தனி நூலாக, ஒவ்வொன்றையும் வெவ்வேறு கலைஞர்களிடம் ஒப்படைத்தது. ழான்-டேவிட் மோர்வானும் பியர் அலாரியும் செய்த கருங்கரை அரசியே அவ்வரிசையின் முதல் நூல். தொடர் இதழ் அல்லாததால் இடைவெளியை இழுத்து நிரப்பும் கட்டாயம் அவர்களுக்கு இல்லை. கதை மூலத்தின் வேகத்திலேயே ஓடி முடிகிறது. ஓவியருக்கு ஓவியர் கோனனின் முகம் மாறுவதை அந்நாட்டு வாசகர்கள் இயல்பாக எடுத்துக்கொண்டார்கள். நூலின் பின்னிணைப்பாக ஹோவர்டு ஆய்வாளர் பத்ரீஸ் லுயினே எழுதிய கட்டுரை மூலத்தின் பிறப்பை விளக்கியதும் அதற்கு ஒரு காரணமாகலாம்.

நான்கு தழுவல்களுக்கும் பொதுவான ஒரு நெருடலை ரசிகர் சண்டைகள் போதிய அளவு தொடவில்லை. வெள்ளைத்தோல் பெண்ணொருத்தியைத் தெய்வமாக வணங்கி, பெரும்பாலும் பெயரற்றுச் சாகும் கறுப்பினக் கொள்ளையர் கூட்டம் 1934ஆம் ஆண்டு அமெரிக்காவின் இனப்பார்வையைச் சுமந்து நிற்பது. தாமஸ் அவர்களுள் சிலருக்குப் பெயரும் குணமும் கொடுத்தார். அது மூலத்திலிருந்து விலகல்தான், ஆனால் தலைக்கவசத்துக்கும் தசைக்கும் எழுந்த கூச்சல் இதற்கு எழவில்லை. மூலத்தின் எல்லாப் பகுதிகளும் காக்கப்பட வேண்டியவை என்று யாரும் உள்ளூர நினைப்பதில்லை போலும்.

2023இல் டைட்டன் நிறுவனம் ஜிம் ஸப் எழுத்தில் புதிய தொடரைத் தொடங்கியபோது, ‘உண்மையான கோனன் திரும்பிவிட்டான்’ என்ற மகிழ்ச்சியே பரவலாக எழுந்தது. முதல் கதைத்தொடர் ஹோவர்டின் எந்தக் கதையின் தழுவலும் அன்று, முழுக்கப் புதியது. வாசகர் கண்டு மகிழ்ந்தது ராப் டி லா டோரேயின் தூரிகையில் மீண்டு வந்த கனத்த புருவத்தையும் பரந்த தோளையும். 1970இல் ஐம்பது டாலர் மிகைச் செலவால் வாய்ப்பை இழந்த புசெமாவின் கோடுகள் அவை.