குருசாமியின் பின்னால்: சபரிமலைப் பெரிய பாதையில் மூன்று நாள்

சபரிமலைக்குப் போக வழிகள் மூன்று. ஒன்று, பம்பை வரை மோட்டாரில் போய், அங்கிருந்து மலை ஏறுவது. இது எல்லோருக்கும் தெரிந்த வழி. இரண்டாவது, வண்டிப்பெரியாற்றுப் பக்கமிருந்து புல்மேடு வழியாக இறங்குவது. மூன்றாவது, எருமேலியிலிருந்து காட்டுக்குள் நடந்தே போவது. இதைத்தான் பக்தர்கள் "பெரிய பாதை" என்று சொல்லுகிறார்கள்.

எருமேலியிலிருந்து பம்பைக்கு இந்தப் பாதையில் நாற்பது கிலோ மீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். வழியில் இரண்டு பெரிய மலைகள் உண்டு. ஆறும் ஓடைகளும் உண்டு. யானையும் புலியும் உலவுகின்ற காடு அது. பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் பம்பைக்குப் போய்விடலாம். ஆனாலும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் செருப்பில்லாத காலோடு இந்தப் பாதையில் நடக்கிறார்கள். அவர்களில் தலை நரைத்தவர்கள் உண்டு. பள்ளிக்கூடம் போகும் சிறுவர்கள் உண்டு. காட்டையே கண்ணால் பார்த்திராத பட்டணத்துக்காரர்களும் உண்டு.

இத்தனை பேரையும் பத்திரமாக அழைத்துப் போய், பத்திரமாக வீடு சேர்ப்பவர் யார்? அவர்தான் குருசாமி!

குருசாமி யார்?

பல முறை மலைக்குப் போய் வந்து, வழியும் முறையும் அறிந்தவரே குருசாமி. பதினெட்டாவது ஆண்டு மலைக்குப் போகிறவர் தென்னங்கன்று ஒன்றைச் சுமந்து சென்று அங்கே வைப்பது வழக்கம்.

ஊரில் அவர் கொத்தனாராக இருக்கலாம். டீக்கடைக்காரராக இருக்கலாம். மில் தொழிலாளியாகவும் இருக்கலாம். மாலை போட்டுவிட்டால் அந்தக் கணக்கெல்லாம் இல்லை. அவருக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளியே அவர் குழுவில் இருந்தாலும், அவர் நில் என்றால் நிற்க வேண்டும். நட என்றால் நடக்க வேண்டும். குழுவில் எல்லோருக்கும் ஒரே பெயர், "சாமி". முதல் தடவை வருகிறவர் "கன்னிச்சாமி". பெண் பக்தர்களை "மாளிகைப்புறம்" என்று அழைப்பார்கள்.

மண்டல பூஜைக் காலம் கார்த்திகை முதல் தேதி தொடங்குகிறது. மாலை போட்டுக்கொண்டவர் 41 நாள் விரதம் இருக்க வேண்டும். விடியற்காலையில் குளியல், சைவச் சாப்பாடு, தரையில் பாய் விரித்துப் படுக்கை. வெறுங்காலில்தான் நடமாட்டம்.

விரதம் மனத்துக்கு என்பார்கள். அது காலுக்கும் உதவுகிறது. நாற்பது நாள் வெறுங்காலில் நடந்தால் உள்ளங்கால் உரம் பெறும். விவரம் தெரிந்த குருசாமி, விரதம் தொடங்கியதுமே தம் குழுவைக் காலை வேளையில் நடக்கச் சொல்லுவார். வைத்தியர்களும் அதையே சொல்லுகிறார்கள். அவர்கள் கூறும் இன்னொரு புத்திமதியும் முக்கியமானது. இருதய நோய், ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய் உள்ளவர்கள் விரதத்தைக் காரணம் காட்டி மாத்திரையை நிறுத்தக் கூடாது!

இருமுடி

புறப்படுகிற நாளில் இருமுடி கட்டுவார்கள். ஒரு தேங்காயின் கண்ணைத் திறந்து, இளநீரை வடித்து, பசு நெய் நிரப்பி அடைப்பார்கள். அதுவும் பூஜைச் சாமான்களும் முன் முடியில் போகும். வழியில் வேண்டிய அரிசி முதலியவை பின் முடியில் போகும். முன் முடி சாமிக்கு, பின் முடி ஆசாமிக்கு!

பையில் பிளாஸ்டிக் வேண்டாம் என்று இப்போது குருசாமிகள் கண்டிப்பாகச் சொல்லுகிறார்கள். காட்டில் எறியும் பிளாஸ்டிக் யானையின் வயிற்றுக்குப் போகிறது. பழைய துணியைப் பம்பை ஆற்றில் விடுவதும் சாஸ்திரம் அல்ல.

முதல் நாள்: எருமேலி

பெரிய பாதையின் வாசல் எருமேலி. ஐயப்பன் மகிஷியை வென்ற கதையோடு சேர்ந்த ஊர் இது. இங்கே கன்னிச்சாமிகள் முகத்தில் வண்ணம் பூசி, கையில் மரத்தால் ஆன அம்பு ஏந்தி ஆடிப் பாடிப் போவார்கள். இதற்குப் பேட்டைத் துள்ளல் என்று பெயர்.

ஆடிப் போகிறவர்கள் வாவர் மசூதியை வலம் வந்து காணிக்கை செலுத்துகிறார்கள். வாவர் என்ற முஸ்லிம் வீரர் ஐயப்பனின் நண்பர் என்பது வரலாறாகச் சொல்லப்படும் கதை. நண்பரைப் பார்க்காமல் சாமியைப் பார்க்கப் போகலாமா?

எருமேலியைத் தாண்டினால் பேரூர்த்தோடு. ஓடையில் கால் நனைத்துக் கரையேறினால் ஐயப்பனின் பூங்காவனம் தொடங்குகிறது என்பது நம்பிக்கை. அடுத்து காளைகட்டி. மகிஷி வதத்தைக் காண வந்த சிவபெருமான் தமது காளையைக் கட்டிய இடம் என்பார்கள். பிறகு அழுதை ஆறு. இருட்டுவதற்கு முன் ஏதாவது ஒரு தாவளத்தில் தங்கிவிட வேண்டும். பெரியாறு புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த காடு இது. இரவில் பாதை யானைக்குச் சொந்தம். வனத்துறையார் குறிப்பிட்ட நேரத்துக்குள்தான் ஆட்களை உள்ளே விடுகிறார்கள்.

இரண்டாம் நாள்: இரண்டு மலைகள்

அழுதையில் முங்கிக் குளிக்கும் கன்னிச்சாமி, ஆற்றிலிருந்து ஒரு சிறு கல்லை எடுத்துக்கொள்கிறார். அழுதை மலை செங்குத்தாக ஏறுகிறது. மேலே கல்லிடும் குன்றில் அந்தக் கல்லைப் போட்டுவிட்டு நடக்கிறார்கள். மகிஷியின் உடலைக் கல்லால் மூடிய இடம் அது என்பது ஐதீகம். பிறகு இஞ்சிப்பாறைக்கோட்டை, முக்குழி.

அதன்பின் வருவது கரிமலை. ஏழு அடுக்கு மலை என்பார்கள். ஓர் ஏற்றம் முடிந்தது என்று மூச்சு விட்டால் அடுத்த ஏற்றம் கண்ணுக்கு முன் நிற்கும். இறக்கம் இன்னும் கடினம். மரங்களின் வேரும் கல்லும் காலை வாரும்.

இங்கேதான் குருசாமியின் திறமை தெரியும். இளைஞர்கள் முந்தி ஓடப் பார்ப்பார்கள். அவர் விடமாட்டார். அனுபவம் உள்ள ஒருவரை முன்னே விடுவார். இன்னொருவரைக் கடைசியில் நிறுத்துவார். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. கன்னிச்சாமிகளும் முதியவர்களும் நடுவில். நிற்கும் இடத்தில் எல்லாம் தலை எண்ணிக்கை. குழுவில் மெதுவாக நடப்பவர் யாரோ, அவருடைய வேகமே குழுவின் வேகம்!

"எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தோம்?" என்பது அவர் கேள்வி அல்ல. "எத்தனை பேர் வந்து சேர்ந்தோம்?" என்பதே அவர் கேள்வி.

மறக்கக் கூடாத இரண்டு நாட்கள்

இந்தக் கண்டிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் இரண்டு நாட்களை நினைத்துப் பார்க்க வேண்டும். 1999 ஜனவரி 14-ந் தேதி மகரஜோதி அன்று பம்பையில் நடந்த விபத்தில் 50-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2011-ல் அதே ஜனவரி 14-ந் தேதி, ஜோதி பார்த்துத் திரும்பிய கூட்டத்தில் புல்மேட்டு அருகே நெரிசல் ஏற்பட்டு 100-க்கும் மேற்பட்டோர் உயிர் இழந்தார்கள். மாலை போட்டுப் புறப்பட்ட மகன் திரும்பி வருவான் என்று வாசலைப் பார்த்திருந்த தாய்மார்கள் எத்தனை பேர்!

கூட்டத்தில் பதற்றம் கிளம்பினால் தனி மனிதனின் பலம் உதவாது. ஆகவே ஜோதி நாளில் கூட்டம் நெருக்கும் இடங்களுக்குக் குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துப் போகாமல் இருப்பதே நலம். கூட்டம் குறைந்த வேறு நாளில் போனாலும் சாமி அதே சாமிதான்.

மூன்றாம் நாள்: பதினெட்டுப் படி

கரிமலை இறங்கினால் பெரியானைவட்டம், சிறியானைவட்டம். அப்புறம் பம்பை. இங்கே குளித்து, கல் கூட்டி அடுப்பு மூட்டி, சோறும் கறியும் சமைத்து விருந்து வைக்கிறார்கள். இதுதான் பம்பா சத்தி. குருசாமிக்குத் தட்சிணை வைத்து வணங்குவதும் இங்கேதான். தட்சிணை எவ்வளவு என்பது கணக்கில்லை.

பம்பையிலிருந்து சன்னிதானத்துக்குச் சுமார் 5 கிலோ மீட்டர். தூரம் குறைவு, நீலிமலை ஏற்றம் கடுமை. மோட்டாரில் வந்து நேராக ஏறுகிறவர்களுக்கு நெஞ்சு வலி வருவது இங்கேதான் அதிகம். நீலிமலையிலும் அப்பாச்சிமேட்டிலும் இருதய சிகிச்சை நிலையங்கள் அமைத்திருக்கிறார்கள். மூச்சு வாங்கினால் உட்கார்ந்துவிட வேண்டும். நெஞ்சு வலித்தால் மறைக்கக் கூடாது. அருகில் உள்ள சாமியிடம் சொல்ல வெட்கம் எதற்கு?

அப்பாச்சிமேடு, சபரிபீடம், சரங்குத்தி. எருமேலியில் ஏந்திய அம்பைக் கன்னிச்சாமி சரங்குத்தியில் குத்திவிட்டுப் போகிறார். பிறகு பதினெட்டாம் படி. தலையில் இருமுடி உள்ளவர்தான் அதில் ஏறலாம்.

இந்தக் கோயில் 1950-ல் தீக்கு இரையானது. 1951-ல் புதிய விக்கிரகம் பிரதிஷ்டை ஆயிற்று. அந்தத் திருப்பணியில் மதுரைச் சீமைக்காரரான பி.டி.ராஜனுக்குப் பங்கு உண்டு. நவாப் ராஜமாணிக்கம் ஐயப்பன் சரிதத்தை நாடகமாக நடத்தினார். தமிழ்நாட்டு ஊர்களில் ஐயப்பன் பெயர் பரவியதற்கு அந்த நாடகமும் ஒரு காரணம்.

நெய்த் தேங்காயை உடைத்து, நெய்யை அபிஷேகத்துக்குக் கொடுத்துவிட்டு, மூடியை ஆழியில் போடுகிறார்கள். யாத்திரை நிறைவேறியது.

ஆனால் குருசாமிக்கு வேலை தீரவில்லை. வீட்டு வாசலில் தேங்காய் உடைத்து, ஒவ்வொருவரும் உள்ளே போகிற வரைக்கும் பொறுப்பு அவருடையது. தாயார் கையாலோ குருசாமி கையாலோ மாலையைக் கழற்றிய பிறகுதான் விரதம் முடிகிறது. மறுநாள் காலையில் அவர் மறுபடியும் கொத்தனார், டீக்கடைக்காரர், மில் தொழிலாளி. அடுத்த கார்த்திகை வந்ததும் தெருவில் யாராவது ஒரு புதுச் சாமி அவரைத் தேடி வருவார். "நானும் வரலாமா, சாமி?" என்று கேட்பார். "நாளை முதல் காலையில் நடந்து பழகு, சாமி" என்பார் குருசாமி.