கேடயம் பாடசாலைக்கு, பெறுபேறு பையனுக்கு

பிராட்பி போட்டி நெருங்கினால் கண்டியில் பஸ்ஸிலும் சந்தையிலும் ஒரே பேச்சுத்தான். கண்டித் திரித்துவக் கல்லூரியும் கொழும்பு ரோயலும் 1945 முதல் மோதிவரும் ரக்பி. இரண்டு ஆட்டங்களின் கூட்டுப் புள்ளிக்கே கேடயம். ரக்பி இந்த ஊரில் ஊறிப்போனது. 1906இல் நாட்டின் முதல் பாடசாலை ரக்பி ஆட்டத்தை ஆடியவர்களே கிங்ஸ்வூட், திரித்துவப் பையன்கள்தான்.

அணியில் பாதிப்பேர் உயர்தர வகுப்பு என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. நெடுங்காலம் உயர்தரப் பரீட்சை ஆகஸ்டில், ரக்பிப் பருவத்தின் வாலைப் பிடித்தபடி வந்தது. பிறகு சில வருடங்கள் மாதம் மாறியது. மாலைப் பயிற்சி மாறவில்லை. மற்றப் பிள்ளைகள் டியூட்டரியில் பௌதிகம் படிக்கும் நேரத்தில் அணிப் பையன் மைதானத்தில் புரள்கிறான்.

விளையாட்டு ஒழுக்கம் தரும் என்பார்கள். தரும்தான். உடனே குமார் சங்கக்காரவையும் இழுப்பார்கள்: 1996இல் திரித்துவத்தின் ரைட் தங்கப் பதக்கம், பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சட்டம். அந்தச் சட்டப் படிப்பைக் கிரிக்கெட்டுக்காகப் பாதியில் விட்டதைச் சொல்லமாட்டார்கள். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியாரில் படித்த முரளிதரனுக்கு 800 டெஸ்ட் விக்கெட். சரி, கிரிக்கெட்டின் உச்சியில் பணம் இருக்கிறது. ரக்பிக்காரனுக்கு ஒரு முழங்கால் போனால் எல்லாம் போச்சு.

பல்கலைக்கழகம் பார்ப்பது உயர்தரப் பெறுபேற்றின் இசட் புள்ளியை. விளையாட்டில் சாதித்தவர்களுக்கு விசேட அனுமதி உண்டு. அதற்கும் மூன்று பாடத்திலும் சித்தி வேண்டும்.

என்னை உறுத்துவது வேறொன்று. சின்னப் பாடசாலையில் நன்றாக ஓடும் பையனைச் சாதாரண தரம் முடிந்த கையோடு பெரிய இடங்கள் எடுத்துக்கொள்வது. விடுதி, சாப்பாடு, பூட்ஸ் எல்லாம் கிடைக்கும். வீட்டில் பெருமை தாங்காது. எந்தப் பாடத்தில் சேர்த்தார்கள், அவனுக்குத் தெரிந்த மொழியில் கற்பிக்க ஆள் இருக்கிறதா என்று பார்ப்பவர் குறைவு. பாடசாலை மூலம் உயர்தரம் எழுத 80 சதவீத வரவு தேவை. பயிற்சிக்குப் போன நாளையும் வரவாகப் போட்டால் இடாப்பு நிறையும், கொப்பி வெறுமையாக இருக்கும். பத்தொன்பது வயதில் அணி அவனை விட்டுவிடும். ஊர் திரும்புகிறவன் கையில் சான்றிதழ் இருக்கும், பெறுபேறு இருக்காது.

ஆகவே பிள்ளையைக் கேட்டு யாராவது வீட்டுக்கு வந்தால் அப்பா அம்மா கோப்பைக் கணக்கைக் கேட்க வேண்டாம். போன வருட அணியில் எத்தனை பேர் மூன்று பாடமும் சித்தி என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.