பாடும் வில்

வில் என்றதும் அம்பும் வேட்டையும் நினைவுக்கு வருதல் இயல்பு. தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியில் வாழும் ஜூலு மக்களிடையே அம்பு தொடுக்காத வில் ஒன்று உண்டு. பாட்டுக்கென்றே வளைக்கப்பட்ட அவ்வில்லின் பெயர் ‘உகுபு’. அது வழக்கொழிந்து வந்த காலத்தில், தம் கையினின்றும் நழுவவிடாமல் காத்தவர் மகோகோ என்னும் அரசிளங்குமரியார். அவர் வரலாற்றைச் சிறிது காண்போம்.

மகோகோ 1900-ஆம் ஆண்டில் நொங்கோமா என்னும் ஊரில் பிறந்தார். பாட்டனார் செட்ஷ்வாயோ மன்னர், 1879-இல் ஆங்கிலேயரிடம் தோற்று அரசிழந்தவர். தந்தையார் டினுஜூலு, 1890 முதல் 1897 வரை செயின்ட் ஹெலினாத் தீவில் சிறை வைக்கப்பட்டவர். மகோகோ சிறுமியாயிருந்தபோது மீண்டும் கைது செய்யப்பட்டு, 1913-இல் பிறந்த மண்ணுக்கு வெளியே உயிர் நீத்தவர். முடி பறிபோயிற்று, படை கலைந்தது. ஆயினும் அரண்மனைப் பாடல்கள் அழியவில்லை. செட்ஷ்வாயோவின் மனைவியராயிருந்த முதிய பெண்டிர் அவற்றை நெஞ்சில் வைத்திருந்தனர். ஏடுகளில் எழுதப்படாத அப்பாடல்களைப் பேத்தி அவர்கள் அருகில் அமர்ந்து, கேட்டுக் கேட்டே கற்றார்.

உகுபு எவ்வாறு இசைக்கிறது? ஏறக்குறைய ஆள் உயரமுள்ள வில்லில் ஒரே ஒரு நரம்பு; பிற்காலத்தில் அது உலோகக் கம்பியாயிற்று. வில்லின் கீழ்ப்பகுதியில் குடைந்த சுரைக்குடுக்கை ஒன்று கட்டப்பட்டிருக்கும். உலர்ந்த புல் தண்டினால் நரம்பைத் தட்டினால் ஒரு சுரம் எழும்; விரல்களால் நரம்பைப் பற்றிக்கொண்டு தட்டினால் சற்றே உயர்ந்த மற்றொரு சுரம் எழும். அடிப்படைச் சுரங்கள் இவ்விரண்டே. எனினும் குடுக்கையின் வாயை மார்புக்கு அருகே கொணர்ந்தும் விலக்கியும், அச்சுரங்களுள் மறைந்துள்ள மேற்சுரங்களை வெளிப்படுத்துவர். அம்மெல்லிய ஒலியோடு குரலை இழைத்துப் பாடுதலே கலை. ஜூலு மொழியில் குரலின் ஏற்ற இறக்கத்தால் சொற்பொருளே வேறுபடும். ஆதலின் பாட்டின் மெட்டும் பேச்சின் போக்கைத் தழுவியே செல்லும்.

இவ்வில்லின் ஒலி மிக மெல்லியது. பெருங்கூட்டத்திற்கு எட்டாது, அருகில் அமர்ந்தோர் மட்டுமே கேட்கலாம். அதனாலேயே அது அழிவை நெருங்கிற்று. வெளியூரிலிருந்து வந்த இசைக்கருவிகள் ஓங்கி ஒலித்தன. பள்ளிகளும் தேவாலயங்களும் வேறு வகைப் பாடல்களைக் கற்பித்தன. மணமான பெண்கள் வில்லிசையை விட்டுவிடுவதும் வழக்கமாயிருந்தது. மகோகோ 1926-இல் புத்தெலேசிக் குலத் தலைவர் மாத்தோலேயை மணந்தார். பின்னாளில் அரசியல் தலைவராக விளங்கிய மங்கோசுத்து புத்தெலேசி இவர்தம் மைந்தர். மணத்திற்குப் பின்னும் மகோகோ வில்லைக் கீழே வைக்கவில்லை. கிறிஸ்தவ நெறியில் நின்ற அவர், முன்னோர் பாடல்களையும் கைவிடவில்லை.

காத்ததனினும் பெரியது அவர் ஈந்தது. 1939-இல் ஹ்யூ டிரேசி என்னும் ஆய்வாளர் வந்தபோது, மகோகோ ஒலிப்பதிவுக் கருவியின் முன் பாடினார். பின்னர் டேவிட் ரைகிராப்ட் என்னும் மொழியறிஞர் அவர் பாடல்களைப் பதிந்து, சுரமும் சொல்லுமாக ஆராய்ந்து எழுதினார். வானொலி நிலையங்களும் அவர் குரலைப் பதிந்தன. ஒரு சிலர் மட்டும் கேட்கத்தக்க இசை, கடல் கடந்தோரும் கேட்கும் இசையாயிற்று. அவர் 1984-இல் மறைந்தார். 2002-இல் முசிலிகாசி குமாலோ அவர் வாழ்க்கையை ஜூலு மொழியில் இசை நாடகமாக்கினார். டர்பன் நகரில் அது அரங்கேறியது.

மாணவர்களே, ஒலிப்பதிவு குரலைக் காக்கும். விரலின் பழக்கத்தைக் காக்காது. குடுக்கையை எவ்வளவு விலக்குவது, நரம்பை எங்கே பற்றுவது என்பதை ஒரு கை மற்றொரு கைக்குத்தான் கற்பிக்க வேண்டும். மகோகோ பாட்டிமாரிடம் பெற்றது அத்தகைய கல்வி. முதியோர் ஒருவர் நெஞ்சில் சுமக்கும் கலை, இளையோர் ஒருவர் அருகில் சென்று அமரும்வரைதான் காத்திருக்கும். அரசிழந்த குடும்பத்துச் சிறுமி ஒருத்தி அங்ஙனம் சென்று அமர்ந்தாள். ஆதலால் அவ்வில் இன்றும் பாடுகிறது.