பழைய சாவியும் ஒரு கழித்தலும்

ஒவ்வொரு கோப்பும் வட்டில் எங்கே இருக்கிறது, எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கணக்கு வைப்பது கோப்பு முறைமை. லினக்ஸ் இயங்குதளத்தில் இந்த நிரல் பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டது. அம்மொழியில் நினைவகத்தின் எல்லையைக் காப்பது நிரலாளரின் பொறுப்பு.

அதில் நேரும் பிழைகளில் இரண்டு முக்கியமானவை. குற்றாலச் சீசனில் அறையைக் காலி செய்தவர், பழைய சாவியோடு வந்து புதியவர் தங்கியிருக்கும் அறையைத் திறப்பது போன்றது ஒன்று: விடுவித்த நினைவகத்தை மீண்டும் தொடுவது. மற்றொன்று, ஒதுக்கிய இடத்தைத் தாண்டி அடுத்த இடத்தில் எழுதுவது.

2022 ஜனவரியில் வெளிவந்த சிவிஇ-2022-0185 என்ற லினக்ஸ் பாதுகாப்புக் குறைபாடு இரண்டாம் வகை. கோப்பு முறைமையை இணைக்கும்போது தரப்படும் விருப்பங்களுக்கு, வழக்கமான கணினியில் 4096 பைட் இடம் உண்டு. மீதியை அறிய, 4096-லிருந்து 2-ஐயும் நிரம்பிய அளவையும் கழித்தது நிரல். நிரம்பியது 4095 என்றால் விடை −1. குறியற்ற எண்ணில் எதிர்மறை இல்லாததால் அது மிகப் பெரிய எண்ணாக மாறியது; எல்லைச் சோதனை பொய்த்தது. திருத்தம் எளியது: கழிக்காமல் கூட்டி, தொகை 4096-ஐத் தாண்டுகிறதா என்று பார்ப்பது.

இத்தகைய மீறல்களை ஓட்டத்தின்போதே பிடிக்கும் கேசன் கருவி 2015-ல் லினக்ஸ் 4.0-ல் சேர்ந்தது. பலவற்றைத் தொகுக்கும்போதே தடுக்கும் ரஸ்ட் மொழிக்கு 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பு இடமளித்தது.

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனத்தின் மென்பொருள் பணி நடக்கிறது. அங்கே நிரல் எழுதும் இளைஞர்களுக்கும் இந்த ஒரு கழித்தல் நல்ல பாடம்.