‘ஒண்ணுமில்ல’ என்று உடல் சொல்லும் பொய்

நாங்குநேரி பக்கம் நான்குவழிச் சாலையில் பைக் சறுக்கி விழுந்தவர் முதலில் செய்வது, எழுந்து நிற்பது. வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, “ஒண்ணுமில்ல அண்ணாச்சி, லேசான அடிதான்” என்பார். அதற்குள் யாராவது சோடா வாங்க ஓடியிருப்பார். ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் தேசிய நெடுஞ்சாலை 44 இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. இந்தக் காட்சியைப் பார்க்காத டீக்கடை இந்தச் சாலையோரத்தில் இருக்காது. விழுந்தவர் மனமறிந்து பொய் சொல்வதில்லை. அவருக்குள் என்ன நடக்கிறது என்பதை அவருடைய உடலே அவரிடம் மறைக்கிறது.

அடிபட்ட சில நொடிகளில், சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பி வைத்தாற்போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் கொட்டுகின்றன. மூளை தன் சொந்த வலிமருந்தான எண்டார்பினைச் சுரக்கிறது. எலும்பு முறிந்தவர்கூடச் சில நிமிடங்கள் வலி தெரியாமல் நடப்பது இதனால்தான்.

இதைவிடப் பெரிய சாகசம் ரத்தக்குழாய்களில் நடக்கிறது. கழுத்துத் தமனிகளிலும், இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்த உணரிகள் இருக்கின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் குழாய்ச் சுவர் எவ்வளவு விரிகிறது என்று அளக்கும் நரம்பு முனைகள் அவை. ரத்தம் கசியத் தொடங்கியதும் அவை மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. உடனே தோலுக்கும் குடலுக்கும் போகும் குழாய்கள் இறுகுகின்றன, இதயம் வேகமெடுக்கிறது. மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ள உடல் செய்யும் ஏற்பாடு இது.

நம் உடலில் ஓடும் ரத்தம் சுமார் 5 லிட்டர். வீட்டுக்கு வரும் தண்ணீர் கேனில் கால்வாசி. அதில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் போகும் வரைகூட ரத்த அழுத்தம் சரியாக இருப்பதுபோலவே காட்டலாம். அதைத் தாண்டினால் மளமளவென்று சரியும். ஹேண்டில்பார் குத்தி இடது விலாவுக்குக் கீழே இருக்கும் மண்ணீரல் கிழிந்தால், வெளியே ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் தேங்கும். சிலருக்கு அது தெரியவரச் சில நாட்கள்கூட ஆகும்.

ஆனால் உடல் துப்பு விடாமல் இல்லை. கைகால் சில்லிட்டு வியர்க்கும். ஓய்வாக உட்கார வைத்த பிறகும் நாடி நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டி ஓடும். விரல் நகத்தை அழுத்திவிட்டால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் சிவக்க வேண்டும், தாமதித்தால் எச்சரிக்கை. வயிறு வலித்தாலோ, தலை சுற்றினாலோ, பேச்சு குழறினாலோ பைக்கை மறுபடி எடுக்கவே கூடாது.

வெளிக்காயத்தில் நடக்கும் வேலை இன்னும் அழகு. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் குறைந்தது ஒன்றரை லட்சம் தட்டணுக்கள் இருக்கின்றன. குழாய் கிழிந்ததும் இவை அங்கே ஒட்டிக் குவிகின்றன. அடுத்து ஒரு புரதம் இன்னொன்றைத் தட்டியெழுப்ப, அது மற்றொன்றை எழுப்ப, கடைசியில் ஃபைப்ரின் என்ற நார்ப்புரதம் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி அந்தக் குவியலை இறுக்குகிறது. இதற்கு நாம் தரவேண்டிய உதவி அழுத்தம் மட்டுமே. சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் தூக்கிப் பார்த்தால் பின்னிய நார் அறுந்துபோகும். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்றை வையுங்கள். காபித்தூளும் மஞ்சளும் சமையலறையிலேயே இருக்கட்டும்.

இந்தப் புரதங்கள் 37 டிகிரி வெப்பத்துக்கென்றே அமைந்தவை. உடல்சூடு 34 டிகிரிக்குக் கீழே போனால் ரத்தம் உறைவது தடுமாறும். ரத்தம் இழந்தவரின் உடல் சித்திரை வெயிலிலும் குளிர்ந்துவிடும். அதனால்தான் போர்வையோ சேலையோ போர்த்தச் சொல்கிறார்கள். சோடா, தண்ணீர் எதுவும் வேண்டாம். அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். கழுத்தோ முதுகோ வலிக்கிறது என்றால், வண்டிகளோ நெருப்போ நெருங்காத வரை, அவரை அசைக்காதீர்கள். தண்டுவடம் சுண்டுவிரல் தடிமன்தான்.

உறைந்த ரத்தத்தைக் கரைக்கவும் உடலிடம் ஒரு நொதி உண்டு, பிளாஸ்மின். பெரிய காயத்தில் அது அவசரப்பட்டு, கட்டிய அடைப்பை அங்கங்கே கரைத்துவிடும். அதைத் தடுக்கும் டிரனெக்ஸாமிக் அமிலத்தை ஜப்பானின் உட்டாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும் 1960-களில் கண்டறிந்தார்கள். மாதவிடாய்ப் பெரும்போக்குக்கு நம் ஊர் மருந்துக்கடையில் கிடைக்கும் அதே மலிவான மருந்துதான். 40 நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு, இது காயமுற்றோரின் உயிரிழப்பைக் குறைப்பதைக் காட்டியது. ஒரு நிபந்தனை: அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். தாமதித்தால் பலன் போய்த் தீங்காகவும் முடியலாம்.

நாங்குநேரியிலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி சுமார் 30 கிலோமீட்டர்தான். சாலை 3 மணி நேரத்தைத் தின்பதில்லை. ‘வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்’ என்ற பேச்சுதான் தின்கிறது. 2008 முதல் தமிழகத்தில் ஓடும் 108-ஐ அழைத்தால், வண்டியிலேயே கவனிப்பு தொடங்கிவிடும். ஆஸ்பத்திரியில் வந்த வரிசைப்படி பார்க்க மாட்டார்கள். காயத்தின் தீவிரத்தைப் பொறுத்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். அலறுகிறவரை விட்டுவிட்டு அமைதியாகக் கிடப்பவரிடம் மருத்துவர் ஓடினால் கோபப்பட வேண்டாம்.

செலவுக்கும் தயங்க வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 18-இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழக எல்லைக்குள் விபத்துக்குள்ளான யாருக்கும், வெளிமாநிலத்தவரோ வெளிநாட்டவரோ ஆனாலும், பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் குறிப்பிட்ட வரம்புவரை அரசே பணம் கட்டுகிறது. விபத்துப் பதிவேட்டின் நகலை, அதாவது ஏ.ஆர். காப்பியை, மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். இழப்பீட்டு வழக்குக்கு அது உதவும்.

போலீஸ் கேஸ் என்று பயந்து ஒதுங்கி நிற்பவர்களுக்கும் ஒரு சேதி. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுகிறவரை வழக்கிலிருந்து காக்கிறது. அவருடைய பெயரைக்கூட யாரும் கட்டாயப்படுத்திக் கேட்க முடியாது.