திறவுகோல் யார் கையில்?

விலைகொடுத்து ஒரு பொருளைக் கொண்டவன் அப்பொருளுக்கு உடையவன் ஆவான் என்பது உலக வழக்கு. மண்வெட்டி வாங்கியவன் அதன் பிடியை மாற்றிக்கொள்ளலாம்; கடிகாரம் வாங்கியவன் அதனைத் திறந்து பழுதுபார்ப்பிக்கலாம்; வீடு வாங்கியவன் முன்னைப் பூட்டை நீக்கி வேறு பூட்டு இடலாம். ஆயின், இன்று நம்மிற் பலர் இரவும் பகலும் பிரியாது கொண்டு திரியும் கையடக்கத் தொலைபேசி இவ்வழக்கினுள் அடங்காத பொருளாய் நிற்கின்றது. பணம் நம்முடையது; கருவி நம் கையில் உள்ளது; அதன் உட்பூட்டின் திறவுகோலோ பெரும்பாலும் அதனைச் செய்தவரிடமே இருக்கின்றது.

இதனால் விளையும் கேடு யாது? கருவிக்கு உயிர்போல்வது அதன் பணிசெயல் முறைமை. திரை, மின்கலம், சில்லு முதலிய உறுப்புக்கள் யாவற்றையும் ஆண்டு நடத்துவது அதுவே. நாளடைவில் அதில் வெளிப்படும் பாதுகாப்புக் குறைகளைச் செய்தவரே திருத்தி அனுப்புகின்றனர். ஒருநாள் அவ்வனுப்புதல் நின்றுவிடுகின்றது. திரை தெளிவாகவே இருக்கும். சில்லும் முன்போலவே தொழிற்படும். ஆயினும் கள்ளர் நுழையும் வழிகள் அடைபடாது கிடக்கும். புதிய செயலிகள் சில அப்பழைய முறைமையில் இயங்க மறுக்கும். உடல் நலமாய் இருக்க ஆயுள் முடிந்துவிட்டது என்று தீர்ப்பளிக்கப்படுகின்றது. உடையவன் புதிய கருவிக்குப் பணம் தேடவேண்டியவனாகின்றான்.

இந்நிலையை மறுத்தோர் முன்னரே இருந்தனர். 1980ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பார், அங்கிருந்த அச்சுப்பொறி ஒன்றின் குறையைத் தாமே திருத்த விரும்பினார். அதற்கு வேண்டிய மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. அம்மறுப்பும் அவர் உள்ளத்தைத் தூண்ட, 1983இல் குனூ என்னும் கட்டற்ற மென்பொருட் பணியை அறிவித்தார். மூலநிரல் என்பது நூலுக்கு மூலம் போல்வது. மூலம் எல்லார் கையிலும் இருப்பின் கற்றவர் எவரும் உரை காணலாம், பிழை திருத்தலாம். மூலம் மறைக்கப்படின் உடையவர் சொன்னதே முடிபாகும். ‘ஹேக்’ செய்தல் என்னும் சொல்லும் அந்நிறுவகத்து மாணவரிடையே நுண்ணறிவோடு ஒன்றை ஆராய்ந்து மாற்றியமைத்தலைக் குறித்தே வழங்கியது. அயலார் கணினியிற் புகுந்து களவாடுதல் என்பது பின்வந்த பொருள். இக்கட்டுரையில் முன்னைப் பொருளே கொள்க.

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கருவும் இவ்வாறு மூலம் திறந்ததே. அதன்மேற் கட்டப்பட்ட அண்ட்ரொயிட் முறைமையோடு முதற் கைபேசி 2008இல் விற்பனைக்கு வந்தது. இங்கே ஒரு முரண் உண்டு. அண்ட்ரொயிட்டின் அடிப்படை மூலநிரல் யாவர்க்கும் பொது. அதனைத் தாங்கிவரும் கைபேசிகள் பலவோ பூட்டப்பட்டவை. கருவிக்கு மின்னூட்டிய உடனே முதலில் விழித்தெழும் சிறு நிரலைப் பூட்லோடர் என்பர். அது வாயிற்காவலன் போன்றது. செய்தவர் ஒப்பமிட்ட முறைமையையே உள்ளே விடும், பிறவற்றைத் தடுக்கும்.

இக்காவல் முழுவதும் தீதென்றல் முறையன்று. கைபேசியைக் கவர்ந்த ஒருவன், தான் திரித்தமைத்த முறைமையை அதில் ஏற்றாதபடி காப்பதும் அதுவே. ஆதலின், பூட்டு இருத்தல் குற்றமன்று. வேண்டும்போது திறக்கும் உரிமை உடையவனுக்கு இல்லாமையே குற்றம். கைபேசி தேர்வோர் முதலில் ஆராயவேண்டியது இவ்வொன்றே. ஒளிப்படக் கருவிகள் எத்தனை என்பது அதற்குப் பின்னர்.

இவ்விடயத்தில் நிறுவனத்தாரின் ஒழுக்கம் ஒருபடித்தாக இல்லை. ஹுவாவே நிறுவனம் பூட்டுத் திறக்கும் குறியீடுகளை வழங்குவதை 2018இல் நிறுத்திவிட்டது. கூகுளின் பிக்சல் கைபேசிகள் பொதுவாகத் திறக்கத்தக்கவை. ஆயினும் அமெரிக்காவின் வெரைசன் தொலைபேசி நிறுவனத்தின் வாயிலாக விற்கப்பட்டவை அவ்வாறு திறப்பதில்லை. சம்சுங் கலக்சி வரிசையில், ஒரே பெயருடைய கைபேசி நாட்டுக்கு நாடு வேறு சில்லோடு வந்ததுண்டு; ஒன்று திறந்தது, மற்றொன்று திறக்கவில்லை. ஆகவே பெயரை மட்டும் நம்பி வாங்குதல் கூடாது. மாதிரி இலக்கத்தை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். பிறநாட்டிலிருந்து வருவிப்போர், நம் நாட்டு வலையமைப்புக்களின் அலைவரிசைகளுக்கு அக்கருவி பொருந்துமா என்பதையும் கேட்டறிக.

பூட்டுத் திறந்தால் மட்டும் போதுமா? உட்புகுதற்குத் தக்கதொரு முறைமையும் அக்கருவிக்கென ஆயத்தமாய் இருத்தல் வேண்டும். ஸ்டீவ் கொண்டிக் என்பவர் 2009இல் தொடங்கிய சயனோஜென்மொட் பெரும் புகழ் பெற்றது. அதனைச் சார்ந்து எழுந்த நிறுவனம் 2016இன் இறுதியில் அப்பணியைக் கைவிட்டது. ஆயின் மூலநிரல் மறையவில்லை. தொண்டர்கள் அதனை ஏந்தி லீனியேஜ் ஓஎஸ் என்னும் பெயரோடு தொடர்ந்தனர். உபுண்டு டச் என்னும் முறைமையை அதனை ஆக்கிய கனோனிக்கல் நிறுவனமே 2017இல் விடுத்தபோது, யூபிபோர்ட்ஸ் குழுவினர் எடுத்து வளர்த்தனர். ஆக்கியோன் கைவிட்டும் ஆக்கம் அழியாமை திறந்த மூலத்தின் தலையாய பயன். மூடிய முறைமையாயின், அதனைச் செய்தவர் விட்ட அன்றே அதன் கதை முடிந்திருக்கும்.

இன்று தேர்வோர்க்கு நான்கு வழிகள் உள.

பாதுகாப்பை முதன்மையாகக் கருதுவோர்க்குக் கிராபீன் ஓஎஸ் ஏற்றது. அது பிக்சல் கைபேசிகளை அடிப்படையாகக் கொண்டு வளர்ந்தது. அவற்றிற் புதிய முறைமையை ஏற்றியபின் காவலை மீண்டும் பூட்டிக்கொள்ளலாம். இம்முறை ஒப்பத்துக்குரிய சாவி கூகுளுடையதன்று. பிக்சல் 8 முதலாக வந்த பிரதான மாதிரிகளுக்கு ஏழாண்டுத் திருத்தங்களும் வாக்களிக்கப்பட்டுள்ளன.

நெடுநாள் உழைப்பையும் பழுதுபார்க்கும் எளிமையையும் விரும்புவோர் ஒல்லாந்து நாட்டு ஃபெயர்போனை நோக்கலாம். 2023இல் வந்த ஃபெயர்போன் 5இன் மின்கலத்தைக் கையாலேயே கழற்றலாம். ஏனைய உறுப்புக்கள் பலவற்றுக்கும் ஒரு திருப்புளி போதும். கூகுள் சேவைகளை நீக்கியமைத்த ஈ-ஓஎஸ் முன்னரே ஏற்றப்பட்டும் அது விற்கப்படுகின்றது.

மூன்றாவது வழி பைன்போன், லிப்ரெம் 5 போல்வன. இவை கணினியில் வழங்கும் லினக்ஸையே கைபேசியிற் கொணர முயன்றவை. ஒலிவாங்கி, ஒளிப்படக் கருவி முதலியவற்றை நிறுத்தும் ஆளிகளும் இவற்றில் உண்டு. கற்பதில் இன்பங் காணும் மாணவர்க்கு இவை நல்ல ஆய்வுக்கூடம். அன்றாட அழைப்புக்களுக்கு ஒரே துணையாகக் கொள்வோர் பொறுமையை மிக வேண்டுவர்.

பொருள் குறைந்தோர்க்கு நான்காவது வழியே சிறந்தது: லீனியேஜ் ஓஎஸ் இன்றும் ஆதரிக்கும் பழைய கைபேசி ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்குதல். 2017இல் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் பணியின் குறிக்கோளே கைபேசிக்குப் பத்தாண்டு ஆயுள் தருதல்.

இவ்வழிகளில் இழப்புக்களும் உண்டு. பூட்டைத் திறக்கும்போது கருவியில் உள்ள தரவு முழுவதும் அழிக்கப்படும். முன்னரே படியெடுத்து வைக்காதார் பின்னர் வருந்துவர். உத்தரவாதம் கெடுதலும் கூடும். வங்கிச் செயலிகள் சில, கூகுள் சான்றளியாத முறைமையைக் கண்டால் இயங்க மறுக்கும். ஆதலின் நாளும் பயன்படுத்தும் செயலிகளைப் பட்டியலிட்டு, அவை இயங்குமா என்று உசாவிய பின்னரே மாறுதல் அறிவுடைமை. இன்னும், வலையமைப்போடு பேசும் மோடத்தின் உள்நிரல் மூடியதாகவே எஞ்சும். முழு விடுதலை இன்னும் எய்தப்படவில்லை.

கிடைத்த விடுதலையும் பிறர் இசைவைச் சார்ந்தது என்பதற்குச் சான்று அண்மையிலேயே உண்டு. 2025இல் அண்ட்ரொயிட் 16இன் மூலநிரலை வெளியிட்ட கூகுள், பிக்சல் கருவிகளுக்கென முன்னர் உடன் வெளியிட்டு வந்த கோப்புக்களை அப்போது வெளியிடவில்லை. தொண்டர்களின் பணி கடினமாயிற்று. அதே ஆண்டு யூன் 20 முதல், ஐரோப்பிய ஒன்றியச் சந்தைக்கு வரும் கைபேசிகளுக்கு, விற்பனை நின்றபின்னும் ஐந்தாண்டேனும் முறைமைத் திருத்தங்கள் அளிக்கவேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. அது நன்றே. எனினும் ஐந்தாண்டின் பின் என்ன என்ற வினா அப்படியே நிற்கின்றது. சட்டம் ஆயுளை நீட்டியதேயன்றிச் சாவியைக் கையில் தரவில்லை.

எல்லாரும் இன்றே தம் கைபேசியின் முறைமையை மாற்றவேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. மாற்றும் உரிமை இருக்கும் கருவியையே வாங்குக என்பதே கருத்து. அவ்வுரிமையை முதல் மூன்றாண்டு ஒருவர் பயன்படுத்தாமலும் விடலாம். செய்தவர் கைவிடும் நாளில் அதுவே துணையாகும். ஆதலின் கடைக்குச் செல்வோர் விலையையும் நிறத்தையும் வினவுவதன் முன் இரண்டை வினவி அறிதல் வேண்டும்: இதன் பூட்டை யான் திறக்கலாமா? திறந்தபின் ஏற்றுதற்கு, இம்மாதிரிக்கென இன்றும் பேணப்படும் முறைமை உண்டா? இவ்விரண்டுக்கும் ஆம் என்னும் விடை கிடைக்குமாயின், கொடுத்த பணத்துக்கு அப்பொருள் உண்மையாகவே நம்முடையதாகும்.